இரு கரையும் ஒரு பண்டிகையும்



பண்டிகை நெருங்கும் நாள்களிலே கொழும்புத் தமிழரிடையே தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. “பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லையா?” என்பதே அக்கேள்வி. கேட்பவர் கொழும்பில் வீடு உடையவர். கேட்கப்படுபவரும் இருபது முப்பது ஆண்டுகளாக இங்கேயே வாழ்பவர். ஆயினும் இருவருக்கும் ஊர் என்பது வேறோரிடத்தில் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஆகும். கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு அது மலையகத் தோட்டம் ஒன்றாகலாம். கடலுக்கு அப்பால் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றாகவும் இருக்கலாம். அண்மைக் காலத்திலே இக்கேள்விக்கு ஓர் இணைக் கேள்வியும் பிறந்திருக்கிறது. “பிள்ளைகள் இம்முறை பண்டிகைக்கு வருகிறார்களா?” என்று கேட்கிறோம். பிள்ளைகள் இருப்பது ரொறன்ரோவில், இலண்டனில், சிட்னியில்.

இருப்பது ஒரு நாடு, உறவு ஒரு நாடு என்று வாழ்பவர் ஆண்டுதோறும் வரும் பண்டிகைகளை எங்கே, எவ்வாறு கொண்டாடுவது? ஊர் போகும் வரை ஒத்திவைப்பதா? அல்லது இருக்கும் இடத்திலேயே அடுப்பை மூட்டுவதா? இது சிறு கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒரு குழந்தை தனக்கென ஒரு பண்டிகையை நினைவிற் கொண்டு வளர்வதும், அஃதின்றி வளர்வதும் இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தவை. ஆதலின் இன்று இதனைக் குறித்துச் சிறிது பேச விரும்புகிறேன்.

இக்கேள்விக்கு நம்முடைய நகரத்திலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. அதைக் காணச் செட்டியார் தெருவுக்குச் செல்ல வேண்டும்.

புறக்கோட்டையை அடுத்துள்ள அத்தெருவிலே இன்று நகைக்கடைகள் வரிசையாக ஒளிவீசுகின்றன. 19ஆம் நூற்றாண்டிலே அது காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களிலிருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் கொடுக்கல் வாங்கல் நடைபெற்ற இடமாகும். கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைக்கும் தென்னைக்கும், அரிசி வாணிகத்துக்கும் அவர்கள் முதல் தந்து உதவினர். அவர்கள் குடும்பத்தோடு குடியேற வந்தவர்கள் அல்லர். முதலாளி ஊரிலே இருப்பார். அவருக்காகக் கடையை நடத்த வருபவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பர். கிட்டங்கி என வழங்கிய நீண்ட கட்டடத்திலே பல கடைக்காரரும் ஒருங்கே தங்கி, பெட்டகத்தின் முன் பாய் விரித்துக் கணக்கெழுதி, அங்கேயே உண்டு உறங்கிக் காலங் கழித்தனர். தவணை முடிந்தாற் கப்பல் ஏறலாம். அதுவரை மூன்று பொங்கல், மூன்று ஆடி, மூன்று தீபாவளி ஆகிய அனைத்தும் இங்கேதான்.

மூன்றாண்டுதானே, பண்டிகையெல்லாம் ஊர் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இருந்திருக்கலாம். வட்டியையும் தவணையையும் நாள் தவறாமல் எண்ணிப் பழகியவர்களுக்கு அது கடினமும் அன்று. ஆனால் அவர்கள் அவ்வாறு இருக்கவில்லை. தாங்கள் தங்கிய தெருவிலேயே கதிரேசனுக்குக் கோயில் எடுத்தனர். ஆடி மாதத்திலே கதிர்காமத் திருவிழா நடைபெறும் காலத்தில், வேலைத் தேரில் ஏற்றிக் கொழும்பு வீதிகளிலே உலாவரச் செய்தனர். அக்காலத்தில் கொள்ளை நோய்க்கு அஞ்சி அரசாங்கம் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது என்றும், அங்கே செல்ல இயலாதவர்கள் இங்கேயே விழா எடுத்தனர் என்றும் கூறுவர். 1874ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இவ்விழாவே நாம் ஆடிவேல் என்று போற்றுவது.

காளைகள் பூட்டிய தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு, கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடலின் ஓரமாகச் சென்று, காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டியையும் தாண்டிப் பம்பலப்பிட்டி வெள்ளவத்தைப் பக்கத்தை அடையும். அங்கே சில நாள் தங்கி வழிபாடு ஏற்று மீளும். வீதியோரத்திலே கட்டுக் கட்டாகக் கரும்பு சாத்தி வைத்து விற்பர். பொரி, கடலை, பேரீச்சம்பழம், விளையாட்டுப் பொருள் என்று கடைகள் முளைக்கும். சிங்கள மக்களும் இவ்விழாவை ‘வேல்’ என்றே அழைத்துத் தம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து காண்பர். பழைய கொழும்புவாசி எவரைக் கேட்டாலும், எம்மதத்தினராயினும், வேற் கரும்பின் இனிமையைச் சொல்லாமல் விடமாட்டார்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. செட்டிநாட்டில் ஆடி என்றால் வறண்ட காற்று. செம்மண் புழுதி பறக்கும் காலம். கொழும்பிலோ ஆடி தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். காலிமுகத்திடலிலே கடல் கொந்தளிக்கும். எந்நேரமும் தூறல் விழலாம். மாதத்தின் பெயர் ஒன்றுதான், வானம் வேறு. ஊரிலே செய்ததை அப்படியே பெயர்த்து வைக்க அவர்களால் இயலாது. கதிர்காமம் இந்நாட்டுத் தலம். காலி வீதி இந்நாட்டு வீதி. காண வந்தோர் இந்நாட்டு மக்கள். இவற்றைக் கொண்டே அவர்கள் விழாவை அமைத்தனர். ஆகவேதான் அது இந்நகரத்தில் வேர் கொண்டது.

எவ்வளவு ஆழமாக வேர் கொண்டது என்பது பின்னரே தெரிந்தது. 1948ஆம் ஆண்டிலே குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. தங்குவதற்கு அனுமதி வேண்டும். பணம் அனுப்புவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்ற நிலை தோன்றவே, செட்டியார்கள் சிறிது சிறிதாகக் கடைகளை மூடிக் கரையேறினர். கிட்டங்கிகள் வெறுமையாயின. ஆனால் வேல் நிற்கவில்லை. தொடங்கியோருட் பலர் போன பின்னும் தெரு அதனைக் கைவிடவில்லை. 1983 ஜூலை வன்செயலின் பின் சில ஆண்டுகள் தேர் வீதிக்கு வராதிருந்ததுண்டு. அதன் பின்னர் மீண்டும் வந்தது. மூன்றாண்டுத் தவணைக்கு வந்தவர்கள் ஏற்றிய விளக்கு நூறாண்டு கடந்தும் எரிகிறது.

வணிகருக்கு நேர்ந்ததைவிடக் கொடிய பிரிவு தோட்டத் தொழிலாளருக்கு நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. எண்களைப் பிரிப்பது எளிது. ஆனால் ஒரே லயத்திலே ஓர் அடுப்பைச் சுற்றி அமர்ந்தவர்களுள் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மற்றொரு பட்டியலிலும் விழுந்தபோது, அவ்வாண்டுத் தீபாவளியை எப்பட்டியலில் எழுதுவது?

அதே 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. சென்னை எழும்பூரில் ஏறியவரைப் பாம்பன் பாலத்தைக் கடத்தி, தனுஷ்கோடியிற் கப்பலேற்றி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதத்தில் வைத்துக் கொழும்புக் கோட்டையிற் கொண்டுவந்து சேர்த்த வழி அது. 1914ஆம் ஆண்டு முதல் எத்தனையோ பேரைப் பண்டிகைக்கு ஊர் கொண்டு சேர்த்த வழி. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. நாடு திரும்பியோர் அதிலேதான் சென்றனர். போர் மூண்டபோது 1980களில் அதுவும் நின்றது. நீலகிரியில் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களிற் குடியேறியோரை அங்குள்ளார் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே எஞ்சியோரைச் சிலர் ‘இந்தியாக்காரர்’ என்றனர். இரு கரையிலும் வேற்றூரார் எனப் பெயர் பெற்றவர்கள் அவர்கள். இந்நாட்டில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமையை முழுமையாக வழங்கிற்று.

ஆயினும் மலையகத்திலே தீபாவளி ஓர் ஆண்டும் நிற்கவில்லை. தீபாவளி முற்பணம் பெற்று, புத்தாடை வாங்கி, பலகாரம் சுட்டு, பின்னர் மாதந்தோறும் அக்கடனைச் சம்பளத்திற் கழித்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் இன்றும் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு, கையிலே துணிப்பொதியுடன் அற்றன், பதுளைப் பேருந்துகளுக்குக் காத்து நிற்பதை நாம் காணலாம். கடிதம் வந்தாலும் வராவிட்டாலும், எந்த அரசு எந்தப் பட்டியலில் தம்மைச் சேர்த்தாலும், இருக்கும் லயத்தின் வாசலிலே விளக்கு வைத்தவர்கள் அவர்கள். செட்டியார் தெரு கற்பித்த பாடத்தையே, செல்வம் ஏதும் இன்றி, அவர்களும் கற்பித்தார்கள்.

கொட்டாஞ்சேனையின் கடற்கரைப் பக்கம் கொச்சிக்கடை. அங்கே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் புனித அந்தோனியார் திருத்தலமும் அருகருகே உள்ளன. சிவராத்திரிக்கு ஒரு கூட்டம். ஜூன் 13இல் அந்தோனியார் பெருநாளுக்கு ஒரு கூட்டம். செவ்வாய்க்கிழமைகளிலே சமய வேறுபாடின்றி எல்லாரும் அந்தோனியாரிடம் வருவர். அவருட் பலருடைய முன்னோர் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்தவர்கள். இரு நாட்டுக்கும் இடையிலுள்ள கச்சதீவிலும் இதே அந்தோனியாருக்கே ஆலயம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை அத்தீவை இலங்கைக்கு உரியதாக்கியபோதும், இந்திய யாத்திரிகர் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி அங்கே வந்து செல்ல இடம் வைத்தது. போர்க்காலத்தில் தடைப்பட்ட அத்திருவிழா இப்பொழுது மீண்டும் நடைபெறுகிறது. கடல் எல்லை பற்றி வழக்காடும் இரு கரை மீனவரும் அவ்விழாவில் ஒரே பூசையில் முழந்தாளிடுகின்றனர்.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது கொச்சிக்கடைத் திருத்தலம் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. வழிபட வந்தோர் பலர் மாண்டனர். ஆண்டுப் பெருநாளுக்கு அப்போது எட்டு வாரங்கூட இருக்கவில்லை. இவ்வாண்டு வேண்டாம் என்று நிறுத்தியிருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார். ஆனால் பெருநாளுக்கு முதல் நாளாகிய ஜூன் 12ஆம் நாள் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. துயரம் ஆறிய பின் கொண்டாடலாம் என்று காத்திராமல், துயரத்தோடேயே அந்த நாளைக் கடைப்பிடித்தனர். பண்டிகை என்பது மகிழ்ச்சி மிகுந்தபோது செய்யும் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் அமைந்த பகுதி அது. ஒரு காலத்தில் முற்றத்தோடு கூடிய வீடுகள் இருந்த ஒழுங்கைகளிலே இன்று தொடர்மாடிகள் நெருங்கி நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலே பொங்கல் என்றால் விடியுமுன் முற்றம் மெழுகிக் கோலமிட்டு, மூன்று கல் வைத்து, கரும்பு நட்டு, கிழக்கு நோக்கிப் பானை ஏற்றுவர். ஆறாம் மாடியிலே முற்றத்துக்கு எங்கே போவது? ஒரு வீட்டார் எரிவாயு அடுப்பிலே பொங்கிச் சாளரத்தருகே படைக்கின்றனர். வேறு சில தொடர்மாடிகளிலே எல்லாரும் சேர்ந்து மொட்டைமாடியில் ஒரு பானை வைக்கின்றனர்.

புத்தாண்டிலே வேறொரு வேடிக்கை உண்டு. வாக்கியம் ஒரு நேரம் சொல்லும். திருக்கணிதம் ஒரு நேரம் சொல்லும். தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் மற்றொன்றும் கைக்கொள்ளும் வீட்டிலே எந்நேரத்துக்கு மருத்துநீர் வைப்பது என்பதே சிறு வழக்காகும். தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை வைத்து மருத்துநீர் தேய்ப்பது இங்குள்ள வழக்கம். தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்திலோ வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்த பச்சடி இல்லாமற் சித்திரை பிறப்பதில்லை. அங்கே 2008ஆம் ஆண்டில் அரசு புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிச் சட்டம் இயற்றியது. 2011இல் அது மீண்டும் சித்திரைக்கே திரும்பியது. அப்போது இங்கே இருந்தோர் சிரித்துக்கொண்டே இரண்டு நாளும் பாயசம் வைத்தனர்.

என் அயலிலே முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஒரே மகள் ரொறன்ரோவில் வாழ்கிறாள். தைப்பொங்கலன்று அவர் செய்வதை ஒருமுறை கண்டேன். காலை ஆறரை மணிக்குப் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, அயலாருக்குக் கொடுத்து முடித்தார். ரொறன்ரோவில் அப்பொழுது முதல் நாள் இரவு எட்டு மணி. மாலை ஆறு மணி கடந்து, காலி வீதிக்கு மேற்கே கடலிற் சூரியன் இறங்கும் வேளையிலே, அவர் மாடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியுடன் அமர்ந்தார். அங்கே அப்பொழுதுதான் விடிகிறது. “எங்கட சூரியன் அங்க போயிட்டார் தம்பி. இனி அவை பொங்குவினம்” என்றார்.

நான் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உவமை அன்று, உண்மை. தை முதல் நாளிலே கொழும்பிற் சூரியன் மறைவதும் ரொறன்ரோவில் உதிப்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. அங்கே வெளியே பனி. அடுப்பை வீட்டுக்குள்ளேதான் மூட்ட வேண்டும். ஆயினும் அந்த அம்மையார் தாம் பொங்குவதை மகளுக்காக ஒத்திவைக்கவில்லை. மகளைத் தம் நேரத்துக்குப் பொங்கச் சொல்லவும் இல்லை. இங்கே உள்ளவருக்கு இங்கத்தைய உதயம். அங்கே உள்ளவருக்கு அங்கத்தைய உதயம். கனடா நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டிலே ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதும், அங்குள்ளோர் தம் உதயத்திலேயே பொங்கியதன் பயனன்றோ!

பேரப்பிள்ளைகள் வருவது தையில் அன்று. அந்நாட்டுப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் கொழும்பின் வேல் விழாவும் அப்பருவத்தில் வருகின்றன. ஆகவே செட்டியாருக்கு ஆடி எப்படி இரு நாட்டை இணைத்த மாதமாயிற்றோ, அப்படியே இன்றைய வெள்ளவத்தைக்கும் ஆடி ஆவணியே கூடும் காலமாயிற்று. காலி வீதியிலே வேல் வரும்போது, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாம் விளங்கிக்கொள்ளச் சிறிது முயல வேண்டிய தமிழில், “இது ஏன் இங்க வருது?” என்று கேட்கும் பிள்ளைகளைக் காணலாம்.

நேயர்களே, அப்பிள்ளைக்கு நாம் சொல்லும் விடையில்தான் என் பேச்சின் முடிவும் இருக்கிறது. ஊரை மறந்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. ஊருக்குப் போக வாய்ப்பிருந்தால் போக வேண்டும். முதியோரைக் கண்டு வணங்க வேண்டும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு மீண்டும் பயணிகள் கப்பல் தொடங்கியபோது நம்முட் பலர் மகிழ்ந்ததும் அதனாலேயே. ஆனால் போக இயலாத ஆண்டுகளே பெரும்பாலாரது வாழ்விற் பலவாகும். அவ்வாண்டுகளிலே வீட்டைப் பூட்டிய மனத்தோடு, “இது நம் ஊர் அல்லவே, இங்கே என்ன பண்டிகை!” என்று இருந்துவிட்டால், இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. நாம் இழந்தாலும் நினைத்துப் பார்க்க நமக்கு ஒரு முற்றமாவது உண்டு. இந்த ஆறாம் மாடியிலே பிறந்த குழந்தைக்கு அதுவும் இல்லை. அதற்கு ஊர் என்பது இதுவே. இங்கே நாம் பானை ஏற்றாவிட்டால் அதற்குப் பொங்கல் எங்குமே இல்லை.

ஆதலின் அடுத்த முறை “பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லையா?” என்று எவரேனும் கேட்டால், நாணத் தேவையில்லை. “இல்லை, இம்முறை இங்கேதான். காலையில் வாருங்கள், பொங்கல் உண்ணலாம்” என்று அழையுங்கள். அழைக்கும்போது அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தையும் முஸ்லிம் குடும்பத்தையும் சேர்த்தே அழையுங்கள். வேற் கரும்பை அவர்களும் சுவைத்தமையாலேயே அவ்விழா தொடங்கியவர் போன பின்னும் நிலைத்து நின்றது. ஊரிலிருந்து பிரிந்து கிட்டங்கியில் இருந்தவர்கள் இந்நகரத்துக்கு ஒரு விழாவைத் தந்து சென்றார்கள். வீடும் மக்களும் உடன் இருக்கப்பெற்ற நாம், நம் மாடியில் இருக்கும் ஒரு குழந்தைக்காவது ஒரு பண்டிகையைத் தருவோமாக.